பதினோரு பேர்

“தலைவர் யாருன்னு நீங்கதான் சொல்லணும், டீச்சர்” என்றார் பொன்னையா.

சித்திரக்கதை வரையக் கற்க வந்தவர். தலை நரைத்தவர். டீச்சர் தில்லைக்கரசி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

பன்னிரண்டு சாகச வீரர்களின் கதையைப் போடும் பொன்னையாவின் பத்திரிகை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த இதழும் படுத்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். சாயங்காலம் அட்டைப்படம் அச்சகத்துக்குப் போக வேண்டும். அட்டையில் தலைவர் நிற்க வேண்டும்.

பொன்னையா மூன்று பக்கங்களை விரித்தார். மூன்றிலும் அதே உடைந்த அணை, அதே வெள்ளம். தலைவர் மட்டும் வேறு வேறு.

“வஜ்ரபாகு முன்னால பாய்வான். மதியூகி எட்டு அடி முன்கூட்டியே யோசிப்பான். வியூகத்துல அவனை அடிச்சுக்க ஆளில்லை.”

“மூணாவது?”

“சிட்டு. ஒரு சக்தியும் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலையைப் பிரிச்சுக் கொடுப்பா, அவ்வளவுதான். சும்மா ஒப்புக்கு வரைஞ்சேன்.”

டீச்சர் ரப்பரை நீட்டினார்.

“தலைவரை அழிங்க. மூணு பக்கத்துலயும்.”

“ஐயோ, பன்னிரண்டு நாள் உழைப்பு டீச்சர்!”

“அழிங்க.”

பொன்னையா ரப்பரை வாங்கி, அணைச்சுவரைத் தாங்கிய வஜ்ரபாகுவை அழித்தார்.

“மத்தவங்க என்ன பண்றாங்க?”

பொன்னையா குனிந்து பார்த்தார். பதினோரு பேரும் வாயைப் பிளந்து, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேடிக்கை பார்க்கிறாங்க.”

மதியூகியையும் அழித்தார். பதினோரு பேரும் சரியான இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் அத்தனை கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

“உத்தரவுக்குக் காத்திருக்காங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது.

பிறகு சிட்டு. மூலையில் சின்ன உருவம். நாலு இழுப்பில் போய்விட்டாள்.

பொன்னையா ரப்பர் தூளை ஊதினார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி இடுப்பில் குழந்தையும் கையில் ஆடுமாக மேடேறினாள். முதல் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற ஊமைப் பையன் மதகை முதுகால் முட்டுக்கொடுத்து அடைத்திருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அடேயப்பா! இதை நானா வரைஞ்சேன்?”

டீச்சரும் அந்தப் பக்கத்தையேதான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அச்சகத்துக்காரர்.

“தலைவர் யாருன்னு முடிவாச்சா அண்ணாச்சி?”

“ஆச்சு. சிட்டு.”

“அப்ப அட்டையில எத்தனை பேரு?”

“பதினோரு பேரு” என்றார் பொன்னையா.