வெட்டிவேர்த் தட்டி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

மடத்தை நடத்தியவரை எல்லோரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வேதவல்லிக்கு அறுபத்திரண்டு. பிள்ளைகள் தலையெடுத்து, கணவரும் போன பிறகு வந்தவள். மூன்றாவது மரகதம். மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இருபது வருஷம் சமைத்துப் போட்டவள். தை மாதம் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டில்தான்.

மரகதத்துக்கு ஊட்டுவது, துடைத்து விடுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் வேதவல்லிதான். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

கத்திரி வெயில் தொடங்கி எட்டு நாளாகியிருந்தது. மரகதம் நான்கு நாளாகக் கண் மூடவில்லை.

"ரூமைக் குளிர்ச்சியா வைங்க. தூக்கம் இப்படியே கெட்டா மறுபடி ஆஸ்பத்திரிதான். இந்தத் தடவை உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வேதவல்லி அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க வேதாம்மா."

"ஜபத்துக்கு உக்காந்தா உள்ள ஒண்ணுமே ஊற மாட்டேங்குது. அடுப்புல காலியா வெச்ச சட்டி மாதிரி இருக்கேன். நாள் முழுக்க அவளுக்குச் செய்யறது புண்ணியம்தானே? அப்புறம் ஏன் இப்படிக் காய்ஞ்சு கிடக்கறேன்?"

அம்மா மரகதத்தின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முதல்ல மரகதத்தோட அறைக்கு ஏதாச்சும் பண்ணலாம். நீங்க ஃபேன் ரிப்பேர் கடைக்காரர் வீட்டம்மாவாச்சே."

வேதவல்லிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கடைப் பலகையில் இருந்தது கணவர் பெயர். முப்பது வருஷம் உட்கார்ந்து ஃபேன்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியது அவள்.

தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் ஒன்று காலியாக இருந்தது. அதன் முன்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டிச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி வந்து பொருத்தினாள். பின்பக்கம் பெரிதாக ஒரு சன்னல் வெட்டினாள். அடியில் தண்ணீர். தண்ணீருக்குள் மீன்தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்பேனரைக் கேட்டா கட்டிங் பிளேயரைத் தர்றீங்களேம்மா."

"ரெண்டும் வாயைத் திறந்துக்கிட்டுத்தானே இருக்கு? எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் கிட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தா உங்களை ஒரே நாள்ல அனுப்பியிருப்பார்."

"நல்லவேளை, வேற வேலை கிடைச்சுது" என்றார் அம்மா.

பின்பக்கச் சன்னலில் கட்ட வெட்டிவேர் வேண்டியிருந்தது. வேதவல்லி தயங்கித் தயங்கி பூஜை அறை வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு வெட்டிவேர்த் தட்டி தொங்கியது. அவள் கேட்பதற்குள் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு சுகந்தி ஒரு சொம்பு மோரோடு வந்தாள்.

"அக்கா, நான் கொஞ்ச நேரம் மரகதம்மா கிட்ட இருக்கேன். நீங்க போய்ப் படுங்க. கண்ணெல்லாம் செவசெவன்னு இருக்கு."

"வேணாம்டி. உனக்குப் புரட்டிப் போடத் தெரியாது. அன்னிக்கு அவ கையை உடம்புக்கு அடியில மடிச்சு வெச்சுட்டே."

"அது மாசி மாசம்க்கா! பங்குனியிலயும் அதையே சொன்னீங்க, சித்திரையிலயும் அதையே சொன்னீங்க."

"நானே பாத்துக்கறேன். நீ போ."

சுகந்தி மோரை வைத்துவிட்டுப் போனாள். அம்மா அவள் போவதைப் பார்த்துக்கொண்டே தட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பகல் பதினொரு மணிக்கு டிரம்மை மரகதத்தின் கால்மாட்டில் வைத்து வேதவல்லி சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் ஏறித் தட்டியில் சொட்டியது. வெட்டிவேர் வாசம் வந்தது. சில்லென்று காற்று வந்தது. மரகதம் வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தாள்.

வேதவல்லி ஓடி ஓடிச் சன்னல்களைச் சாத்தினாள். கதவைச் சாத்தி, அதன் அடியில் இருந்த இடுக்கிலும் ஒரு துண்டை ஈரமாக்கித் திணித்தாள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த குளிர்ச்சியில் ஒரு பொட்டுக்கூட வெளியே போகக்கூடாது என்பது அவள் எண்ணம்.

அரை மணி நேரம் நன்றாக இருந்தது.

பிறகு தலையணை பிசுபிசுத்தது. சுவர் வியர்த்தது. மரகதத்தின் கழுத்தில் வேர்வை வழிந்தது. துடைத்தால் காயவில்லை. வேதவல்லி இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். சுகந்தி வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து போட்டாள். போய் வந்ததும் மறக்காமல் துண்டைத் திரும்பத் திணித்தாள். மரகதத்துக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

அம்மா உள்ளே வந்தபோது வேதவல்லி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா. எது செஞ்சாலும் எனக்கு இப்படித்தான் ஆகுது. முன்னாடி வெறும் வெக்கை. இப்போ புழுக்கம். நானே இவளைக் கொன்னுடுவேன் போல இருக்கு."

மரகதம் குழறிக் குழறிச் சொன்னாள்.

"இட்லிப் பானை... உள்ள... இருக்கேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சமையக்காரி சரியாச் சொல்லிட்டா" என்றபடி தலைமாட்டுச் சன்னலின் கொக்கியைத் தூக்கினார்.

"ஐயோ, திறக்காதீங்கம்மா! வெளிய அனல் அடிக்குது."

"அடிக்கட்டும்."

"அனல் அப்படியே உள்ள வந்துடும்."

"தட்டி அதுக்குத்தானே வேதாம்மா? ஈரக் காத்தையே மறுபடி மறுபடி கொடுத்தா அது என்ன பண்ணும்?"

வேதவல்லி அழுகையை நிறுத்தினாள். சன்னலைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். முப்பது வருஷம் விசிறியோடு இருந்தவள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேருமாக டிரம்மைத் தூக்கிச் சன்னலோரம் பெஞ்சின் மேல் வைத்தார்கள். தட்டி வெளிப்பக்கம் பார்த்தது, விசிறி உள்பக்கம் பார்த்தது. அம்மா எதிர்ச்சுவரில் இருந்த சன்னலையும் ஒரு சாண் திறந்து வைத்தார்.

"கதவுக்கு அடியில இருக்கறதையும் எடுத்துடுங்க."

வேதவல்லி குனிந்து துண்டை உருவினாள். அப்படியே மரகதத்தின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

மலைப்பாறையில் காய்ந்து வந்த காற்று தட்டிக்குள் நுழைந்தது. உள்ளே வரும்போது அதன் சூடு அடங்கியிருந்தது. கட்டிலைத் தடவிக்கொண்டு போய் எதிர்ச்சன்னல் வழியாக வெளியேறியது. பின்னாலேயே அடுத்த காற்று வந்தது. சுவர் காய்ந்தது. மரகதத்தின் கழுத்தும் காய்ந்தது.

இரண்டு மணி இருக்கும். மரகதம் குறட்டை விட்டாள்.

நான்கு நாளைக்குப் பிறகு கேட்ட அந்தக் குறட்டையை வேதவல்லி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையும் இரண்டு தடவை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"அம்மா" என்றாள் மெதுவாக. "காலையில ஒண்ணு கேட்டேனே."

"ம்."

"நீங்க இன்னும் பதில் சொல்லலை."

அம்மா வாய் திறப்பதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான், சுகந்தி. தூங்கிட்டாங்களா? நான் வேணா சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருக்கேன்க்கா."

வேதவல்லி எழுந்து போனாள். கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றாள்.

"இப்பதான்டி கண் அசந்திருக்கா. வேணாம், நானே..."

"வேதாம்மா" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னம்மா?"

"கதவடியில அடைச்சு வெச்சீங்களே ஒரு துண்டு. அது எங்க?"

வேதவல்லி திரும்பி அறையைப் பார்த்தாள். கட்டில்மேல் இல்லை. பெஞ்சின்மேல் இல்லை. தரையிலும் இல்லை.

"அதை அப்பவே எடுத்துட்டேனேம்மா."

"எடுத்தீங்க. இன்னும் கையிலதான் வெச்சிருக்கீங்க."

வேதவல்லி குனிந்து தன் கையைப் பார்த்தாள். துண்டு அங்கேதான் இருந்தது. வாசலை அடைத்து நின்றவள், சுகந்தி உள்ளே வரக் கொஞ்சம் விலகி நின்றாள்.