ஆறு விரலும் ஆறு ஓட்டும்

ஆஸ்திரேலியாவில் ஒரு யூகலிப்டஸ் காட்டில் ஓர் ஈமுப் பறவை இருந்தது. நெட்டைக் கழுத்து, நீளக் கால். ஓர் இடத்தில் நிற்கவே தெரியாது. குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாலும், இரண்டு வாய் குடிப்பதற்குள் நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் குட்டைக்கரையில் ஒரு சிவப்புப் பாறை இருந்தது. பாறைமேல் நிற்பவர்தான் காட்டுக்குத் தலைவர். அப்போது தலைவராக இருந்தது ஒரு வொம்பாட். வொம்பாட் என்றால் பன்றிக்குட்டி மாதிரி உருண்டையான, மண் தோண்டுவதில் பலே கெட்டிக்காரப் பிராணி. ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் அது ஆற்று மணலில் ஊற்று தோண்டி வைக்கும். குட்டை வற்றினாலும் அந்த ஊற்றுத் தண்ணீரில் காடு பிழைத்துக்கொள்ளும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலையிலும் யார் வேண்டுமானாலும் பாறைக்கு முன்னால் வந்து, "இறங்குங்க!" என்று சொல்லலாம். சொன்னால் தலைவர் இறங்கியே ஆக வேண்டும். அங்கேயே ஓட்டெடுப்பு. மொத்தம் பதினோரு பிராணிகள். ஆறு ஓட்டு வாங்கியவர் மேலே ஏறலாம்.

ஒரு நாள் ஈமு வந்து நின்றது. "இறங்குங்க!"

வொம்பாட் திகைத்துப் போனது. "என்ன தம்பி இது? நேத்துகூட என்னோடதானே புல் மேய்ஞ்சே?"

"அது நேத்து! நீங்க எந்நேரமும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறீங்க. தலைவர்னா வெளியே தெரிய வேண்டாமா?"

ஈமுவுக்கு ஆறு, வொம்பாட்டுக்கு ஐந்து. வொம்பாட் உடம்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு இறங்கிப் போனது. ஈமு பாறைமேல் ஏறிக் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டது.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். இரண்டாம் நாள் காலையில்தான் அதற்கு உறைத்தது. 'நேற்று நான் ஒருத்தரை இறக்கினேன். நாளைக்கு என்னை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?'

அன்றோடு நிம்மதி போனது. ஈமுவுக்குக் காலுக்கு மூன்று விரல், இரண்டு காலுக்கும் ஆறு. அதனால் விரலுக்கு ஓர் ஓட்டு என்று எண்ண ஆரம்பித்தது. கங்காரு ஒரு விரல், கொண்டைக்கிளி ஒரு விரல், பல்லி ஒரு விரல். எண்ணி முடித்ததும் சந்தேகம் வரும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓடும். திரும்பி வந்து மறுபடியும் எண்ணும்.

கரடிக்குட்டி மாதிரி மரத்தில் சுருண்டு தூங்கிய கோவாலாவை எழுப்பியது. "அண்ணே! நீங்க என் பக்கம்தானே?"

"யாரது?"

"நான்தான், தலைவர்!"

"எந்தத் தலைவர்?" என்று கேட்டுவிட்டுக் கோவாலா மறுபடியும் தூங்கிவிட்டது.

ஈமு அங்கிருந்து நகரவில்லை. கோவாலா கண் விழிக்கும்வரை மரத்தடியிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தது. ஒரு பகல் முழுக்க அதில் போனது.

மறுநாள் கொண்டைக்கிளி பறந்து வந்தது. "தலைவரே! வொம்பாட் ஆத்து மணல்ல என்னமோ பண்ணுது. ரெண்டு பேர் நின்னு வேடிக்கை பாக்கிறாங்க!"

ஈமு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. வொம்பாட் அரை ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தது.

"எதுக்கு இது?"

"வெயில் ஏறுதே தம்பி. ரெண்டு வாரத்துல குட்டை வத்திடும்."

ஈமு கணக்குப் போட்டது. ஊற்று வந்தால் எல்லோரும் வொம்பாட்டைத்தான் வாழ்த்துவார்கள். ஒரு விரல் மடங்கினால் போதும், பாறை போய்விடும்!

"நிறுத்துங்க! இது தலைவரோட வேலை. நானே தோண்டுறேன்!" என்று சொல்லி, தன் காலாலேயே மணலைத் தள்ளிக் குழியை மூடியது.

"எப்போ தோண்டுவே?"

"நாளைக்கு!"

எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் கோபமாக வருகிறது. தோண்டத் தெரியவில்லை என்றால் மன்னிக்கலாம். தோண்டிய குழியை மூடியதை எப்படி மன்னிப்பது?

அடுத்த நாள் பல்லி வொம்பாட்டோடு சிரித்துப் பேசியதாகத் தகவல் வந்தது. ஈமு அங்கே ஓடியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் கோவாலா. இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. குட்டை வெறும் சேறானது.

கங்காரு பைக்குள் குட்டியோடு வந்தது. "தலைவரே, குழந்தை நாக்கு வறண்டு கிடக்குது. ஊத்து எங்கே?"

ஈமு நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டது. "கவலைப்படாதீங்க அக்கா! உங்க ஓட்டு எனக்குத்தானே?"

கங்காரு அதை ஒரு நிமிடம் பார்த்தது. நேராக வொம்பாட்டிடம் போனது.

மறுநாள் காலையில் ஈமு பாறைமேல் விரல்களை எண்ணிக்கொண்டே காத்திருந்தது. யாரும் வரவில்லை. பொந்துகளுக்கு ஓடியது, காலி. கோவாலாவின் மரத்துக்கு ஓடியது, அதுவும் காலி! மண்ணில் கால்தடங்கள் மட்டும் மேட்டைத் தாண்டிப் போயிருந்தன. தாகத்தில் தள்ளாடியபடி ஈமுவும் மேடேறி இறங்கியது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். வொம்பாட் உள்ளே நின்று தோண்டியது. மற்றவை மண்ணை வெளியே தள்ளின. கலங்கலாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கங்காருக் குட்டி அதை நக்கி நக்கிக் குடித்தது.

ஈமு வாய் தவறிக் கேட்டுவிட்டது. "இங்கே யாரு தலைவர்?"

எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதைப் பற்றி அதுவரை யாரும் நினைக்கவே இல்லை.

"தெரியலையே," என்றது கங்காரு. "தண்ணி எடுக்கிற அவசரத்துல யாரும் கேக்கலை."

வொம்பாட் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "வரிசையில நில்லு தம்பி. குட்டிங்க குடிச்சதும் உனக்குத் தர்றேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட ஈமு தாங்கியிருக்கும். அது வரிசைக் கடைசியில் போய் நின்று அழுதது. முன்னால் நின்ற பல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

பதவியைக் காப்பதே வேலையென்று அலைகிறவரிடம் பதவியும் தங்காது, அவரை நம்பி ஓட்டுப் போட்டவர்களும் தங்க மாட்டார்கள்.