தரைதான் கோளாறு

மத்தளப்பாளையத்தில் எல்லாக் கடையும் உண்டு. புத்தி விற்கிற கடை மட்டும் இல்லை. இருந்திருந்தாலும் உள்ளே போய் விலை கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. அந்த ஊரில்தான் நாச்சிமுத்துவும் அவன் கூட்டாளிகள் சென்னியப்பனும் காளியண்ணனும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தார்கள்.

ரோபோவுக்கு ஆறு கால். காலுக்கு மூன்றாகப் பதினெட்டு சர்வோ மோட்டார். முதுகில் ஒரு தட்டு வைக்க இடம். வண்டு என்று பெயர் வைத்தார்கள். இத்தனை மோட்டாருக்கும் தீனி, டார்ச் லைட்டுக்குப் போடுகிற நாலு பென்சில் செல்.

நாச்சிமுத்துவுக்கு இது விளையாட்டல்ல. பொன்னாபுரத்துப் பூங்கொடிக்கும் அவனுக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். வாய் சும்மா இருக்காமல், வெற்றிலை பாக்குத் தட்டைத் தன் ரோபோவே கொண்டுவரும் என்று போனில் அளந்துவிட்டான். பூங்கொடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பிடியா? அது நடந்து வந்து என் கையில தட்டைக் குடுக்கோணும். குடுத்தாத்தான் எனக்குச் சம்மதம்” என்றாள்.

புதன்கிழமை காலையில் வண்டைத் தரையில் வைத்து சுவிட்சைப் போட்டார்கள். எழுந்தது. ஒரு அடி வைத்தது. அதன் பச்சை விளக்கு அணைந்து பொத்தென்று படுத்தது. பிறகு தானாகவே விழித்து எழுந்து, இன்னொரு அடி வைத்து, மறுபடியும் படுத்தது.

“கும்புடுதுடா! மரியாதை தெரிஞ்ச வண்டு” என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து உடனே மோட்டார் வாங்கிய கடைக்கு போன் போட்டான்.

“எதுல கோளாறுன்னு தெரியலீன்னா ஒவ்வொரு மோட்டாரா வயரைக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டுனா வண்டு படுக்காம நிக்குதோ, அதைச் சந்தேகப்படுங்க” என்றார் கடைக்காரர்.

கழற்றினார்கள். பதினோராவது மோட்டாரின் வயரைக் கழற்றியதும் வண்டு ஆடாமல் நின்றது. மூவரும் பதினோராவது மோட்டாரை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து விசாரித்தார்கள். அது வாயே திறக்கவில்லை. அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, ஏற்கெனவே கழற்றியிருந்த பத்தையும் திரும்ப மாட்டினார்கள். வண்டு பழையபடி படுத்தது.

“தலைவனைத்தான் புடிச்சிருக்கோம். கூட்டாளி எவனோ உள்ள இருக்கறான்” என்றான் காளியண்ணன்.

பின்பக்கமிருந்து கழற்றிப் பார்த்தார்கள், வேறொன்று சிக்கியது. நடுவிலிருந்து கழற்றினார்கள், இன்னொன்று சிக்கியது. சாயங்காலம் பதினெட்டு மோட்டாரும் அரிசிப் பானைக்குள் இருந்தன. வண்டு பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு சமர்த்தாகக் கிடந்தது.

“செரியாயிருச்சு! இப்பத் துளிக்கூடக் கோளாறு இல்ல” என்றான் சென்னியப்பன்.

“நடக்கலியேடா?”

“நடக்கறது வேற விசயம், நாச்சிமுத்து. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே.”

வியாழக்கிழமை மறுபடியும் போன் போட்டார்கள். கடைக்காரர் பொறுமைசாலி. “மோட்டார் மேல தப்பில்லீங்க. பதினெட்டுப் பேரைப் பந்தியில உக்கார வெச்சுட்டு ஒரே ஆளு பரிமாறுனா ஆகுமா? கரண்ட் பத்தலீங்க.”

“ஒரே ஆளு இல்லீங்க, நாங்க மூணு பேரு இருக்கறோம்” என்றான் நாச்சிமுத்து.

கடைக்காரர் மோட்டாரை எல்லாம் முதலில் திரும்ப மாட்டச் சொன்னார். பிறகு, வண்டுக்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்றார். பதினெட்டையும் பானையிலிருந்து எடுத்து மாட்டிவிட்டு, போய் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து வண்டின் முதுகில் ஏற்றினார்கள். பேட்டரிக்கு வயர் கொடுக்கும்படி அவர் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கம் இவர்களுக்கு இல்லை. வண்டு ஆறு காலையும் பரப்பிக்கொண்டு அப்பளமாகக் கிடந்தது. மறுபடியும் கடைக்காரருக்கே போன் போட்டார்கள்.

“பேட்டரியைக் கீழ எறக்குங்க சாமி! வண்டோட காலு தரையில படாமத் தூக்கிப் புடிச்சு ஓட்டிப் பாருங்க. அப்ப நல்லா ஓடுச்சுன்னா…”

மூவரும் போனை வைத்துவிட்டு ஓடினார்கள். வண்டைத் தூக்கிப் பிடித்து சுவிட்சைப் போட்டால், ஆறு காலும் அந்தரத்தில் அழகாக நடந்தன! கீழே வைத்தார்கள், படுத்தது. தூக்கினார்கள், நடந்தது. நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

“வண்டு மேல தப்பே இல்லடா. தரைதான் கோளாறு!”

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சிமென்ட் தரை, டைல்ஸ் தரை, மண் தரை மூன்றிலும் வைத்துப் பார்த்தார்கள். ஊரில் உள்ள தரை முழுவதும் கெட்டுப்போயிருந்தது. பொன்னாபுரத்துத் தரை மட்டும் யோக்கியமாகவா இருக்கும்? அதனால் தூக்கிக்கொண்டே போவது என்று முடிவானது.

“தூக்கீட்டுப் போனா நடந்ததா ஆகுமாடா?” என்று கேட்டான் காளியண்ணன்.

“காலை ஆட்டறது அதுதானே? அது முன்னால வெச்சா நாமளும் முன்னால வெக்கோணும். அது நின்னா நிக்கோணும். நேர்மையா இருக்கோணும்” என்றான் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணிக்குப் பூங்கொடி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கொரு பக்கம் வண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சென்னியப்பனும் காளியண்ணனும் வாசலில் நுழைந்தார்கள். வண்டின் முதுகில் தட்டு. வண்டு வைக்கிற அடியை எண்ணிக்கொண்டு நாச்சிமுத்து பக்கத்தில் வந்தான். ஒன்பது, பத்து. தட்டு பூங்கொடியின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. வண்டுக்குப் பத்து அடி முன்னால், பத்து அடி பின்னால் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால்கள் பின்னோக்கிச் சுழன்றன. கூட்டாளிகள் நேர்மையாகப் பின்வாங்கி வாசலுக்குப் போனார்கள்.

மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள். மணி பத்து இருபத்தைந்து. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கையை நீட்டித் தட்டை எடுத்துக் கொடுக்கலாம்தான். ஆனால் வண்டல்லவா கொடுக்க வேண்டும்?

“ஏனுங்க, எதுக்கு அதைத் தூக்கிப் புடிச்சிருக்கறீங்க?” என்றாள் பூங்கொடி.

“தரைல கோளாறுங்க” என்றான் அவன்.

பூங்கொடி சட்டென்று தன் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். “அப்பா, மாமா! தரை கெட்டிருக்குதாமே. என்னை நாற்காலியோட தூக்குங்க. வண்டைப் போய்ப் புடிக்கலாம்.”

தூக்கினார்கள். முன்னால் வண்டு பின்வாங்க, பின்னால் நாற்காலி துரத்த, வாசற்படியில் பூங்கொடி எட்டித் தட்டைப் பிடித்துவிட்டாள். பத்து இருபத்தொன்பது! கைதட்டலில் வீடே அதிர்ந்தது.

“ஏன் கண்ணு, நாங்கதான் தூக்கீட்டு வந்தமே, நீ எதுக்கு வழி பூராக் காலை ஆட்டிக்கிட்டே வந்தே?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் அவள் அப்பா.

“நல்லாக் கேட்டீங்க! சும்மா உக்காந்திருந்தா நான் நடந்து வந்ததா எப்பிடி ஆகும்?”

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அறிவுள்ள பெண் தனக்குக் கிடைப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாலையையும் வண்டுதான் கொண்டுவரப் போகிறது. மண்டபம்தான் இன்னும் அமையவில்லை. போய்ப் பார்க்கிற மண்டபத்தில் எல்லாம் தரை இருக்கிறதாம்.