பெருகிய கம்பி

தில்லைநாயகம் தம் குருவைவிட வயதில் மூத்தவர். வளையல் கடைக்காரர் மகன். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், நீண்ட விடுப்பு எடுத்து ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். விடுப்பு அந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் ஆராய்ச்சிக்கான அளவீடு கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மத்தியானம் தம் குருவான பேராசிரியர் ஹெலன் அமுதாவின் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், கம்பி பெருகிடுச்சு."

"நல்லதுதானே சார். எவ்வளவு பெருகிடுச்சு?"

தில்லைநாயகம் திருதிருவென விழித்தார். வளையல் கடையில் 'உடைந்தது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமங்கலமான வார்த்தை. வளையல் உடைந்தால் 'பெருகிடுச்சு' என்பார்கள். இத்தனை படித்தும் நாக்கு மட்டும் கடையை விட்டு வெளியே வரவில்லை.

ஒருவழியாக விளக்கினார். திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் ஈயக் கம்பி தடையே இல்லாமல் மின்சாரத்தை விடும் மீக்கடத்தியாகிவிட்டது. திருகாணியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, நடுவில் ஒரே ஓர் அணு மிஞ்சும்வரை கம்பியை இழுத்தாயிற்று. அதற்கப்புறம் கை சற்றுக் கூடுதலாகத் திருப்பிவிட்டது; கம்பி அறுந்தது. மின்னோட்டம் நின்றுபோனது. ஹீலியமோ சாயங்காலம் வரைதான் தாங்கும்.

அமுதா ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார். திருகாணியைப் பின்பக்கமாகத் திருப்பினார். திரையில் படுத்துக் கிடந்த மின்னோட்டக் கோடு துள்ளி எழுந்தது.

தில்லைநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மேசைமேல வச்சுப் பழகினப்போ அறுந்தது சேரவே இல்லையே மேடம்?"

"அங்க காத்து இருந்துச்சு. அறுந்த வாயில உடனே துரு மாதிரி படிஞ்சிடும். இங்க காத்தே இல்லை, நடுவுல வர்றதுக்கு எதுவும் இல்லை."

சொல்லிவிட்டு, வேண்டுமென்றே மறுபடி அறுத்தார். தில்லைநாயகம் வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி சேர்த்தார். சேரும்போதெல்லாம் அணுக்கள் வேறு மாதிரி அமர்ந்தன, கோடும் வேறாக வந்தது. ஒரே கம்பியில் இருந்து அளவீடுகள் வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் தில்லைநாயகத்தின் கண்ணில் அது பட்டது. கோட்டில் மின்னழுத்தம் மிகக் குறைவான இடத்தில், சின்னச் சின்னப் படிகள். அவர் தேடி வந்ததே அவற்றைத்தான்.

"புத்தகத்துல படிச்சிருக்கேன். மனசுதான் ஒப்பல. இவ்வளவு கம்மி அழுத்தத்துல மீக்கடத்தியோட ஆற்றல் இடைவெளியை ஓர் எலக்ட்ரான் எப்படித் தாண்டும்?"

"ஒரே தாவுல முடியாது. முட்டித் திரும்பும், மறுபடி போகும். போக வர ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலம் சேரும். போதும்னு ஆனதும் தாண்டிடும். எத்தனை தடவைங்கிற கணக்குதான் அந்தப் படிகள்."

தில்லைநாயகம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நெஞ்சு லேசாகியிருந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ நான் உடைக்கலையா மேடம்?"

"உடைச்சீங்க சார்," என்றார் அமுதா. "அதான் பெருகிடுச்சு."