சைவ மீன் குடும்பங்களுக்கு மட்டும்

மடிப்பாக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்ககம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் என்மேல் வழக்குப் போடுவார்கள். வழக்குப் போடலாமா என்று தீர்மானிக்கவே அவர்களுக்கு ஏழு கூட்டம் தேவைப்படும் என்றாலும், வாடகைக்கு இருக்கிற எனக்கு எதற்கு வம்பு. அந்த நாற்பத்தெட்டு வீட்டிலும் சலித்து எடுத்த மூன்று அறிவாளிகள்தான் சங்கத்தின் கமிட்டி: தலைவர் சபாநாயகம், செயலாளர் பாஷ்யம், உறுப்பினர் லில்லி புஷ்பம். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வேறு குறை சொல்ல முடியாது.

தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேப்பமரத்தடியில் கார் நிறுத்தும் உரிமை உண்டு. ‘தலைவர் வாகனம் மட்டும்’ என்று அங்கே ஒரு பலகையே தொங்கும். வளாகத்தில் நிழல் என்று இருப்பது அந்த ஒரு இடம்தான். ஒன்பது வருஷமாக சபாநாயகம் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் வழியாக அந்த நிழலைப் பார்ப்பார். வெயிலில் நின்று நின்று சிவப்புக் கார் ரோஸ் கலராகிப் போன மூன்றாம் மாடி கமலக்கண்ணனும் அதே நிழலைத்தான் பார்ப்பார்.

வாசல் கூடத்தில் எட்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்தது. அதில் ஒற்றைச் செருப்புகளும், யாருடையதென்று தெரியாத கூரியர் பொட்டலமும் இருந்தன. தை மாதக் கூட்டத்தில் கமலக்கண்ணன் எழுந்து, இது மீன் தொட்டியா குப்பைத் தொட்டியா என்று கேட்டுவிட்டார். சபாநாயகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“சித்திரை மாசம் ஆண்டுக் கூட்டத்தன்னைக்கு இதுல மீன் நீந்தும். இல்லேன்னா எனக்குப் பதவியும் வேணாம், மரத்தடியும் வேணாம்” என்றார்.

பாஷ்யம் அதை அப்போதே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். செயலாளராகி அவர் உடனுக்குடன் முடித்த ஒரே வேலை அது.

கொளத்தூரிலிருந்து மீன் கடைக்காரர் தணிகாசலம் வந்தார். தொட்டியைச் சோப்புப் போடாமல் கழுவி, மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டார். ஒரு மாதத்துக்கு மீன் விடக்கூடாது, ஆனால் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும், அது அழுகித்தான் தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல கிருமிகள் உண்டாகும் என்று விளக்கினார். கமிட்டியின் காதில் தீனி வரைக்கும் விழுந்தது.

மூவரும் முறை வைத்துத் தீனி போட்டார்கள். ‘கண்ணாடியைத் தட்டாதீர்கள்’ என்று அட்டை ஒட்டினார்கள். காவலாளி பக்கத்தில் நின்று யாரும் தட்டாமல் பார்த்துக்கொண்டார். இருபதாம் நாள் பாஷ்யம் முகம் வாடி வந்தார்.

“சார், மூணு வாரமா ஒண்ணும் சாப்பிடலை.”

“யாரு?”

“மீன்தான் சார்.”

“மீனே இன்னும் வரலையேய்யா.”

“அதனாலதான் சாப்பிடலைன்னு நினைக்கிறேன்.”

தலைவர் யோசித்துப் பார்த்து, காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். லில்லி புஷ்பம் மட்டும் மனசு கேட்காமல் வேறு கம்பெனி தீனி வாங்கிப் போட்டார்.

மாதம் முடிந்தது. தணிகாசலம் தண்ணீரைச் சோதித்துவிட்டு, இனி மீன் விடலாம் என்றார். சிச்லிட் வகை மீன்கள் கலர் கலராக இருக்கும், பெரிய தொட்டிக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் இடத்துக்காக அடித்துக்கொள்ளும் என்றும் எச்சரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், வாய் சும்மா இருக்கவில்லை.

“வாடகைக்கு ஆள் வைக்கிற மாதிரி நல்லா விசாரிச்சு எடுக்கணும் சார்” என்று சொல்லிவிட்டார்.

வாடகைக்கு ஆள் வைப்பது எப்படி என்று சென்னையில் கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாலையே விதிகளைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். சைவம் மட்டும். குடும்பத்தோடு மட்டும். பேச்சிலர்களுக்கு இடமில்லை.

கடையில் முதலில் பார்த்தது ஆஸ்கர் மீன். சின்ன மீனைப் பிடித்துத் தின்னும் என்று தெரிந்ததும் நிராகரித்தார்கள். தலை புடைத்த ஃப்ளவர்ஹார்ன் தனித்தொட்டியில் தனியாக இருந்தது. பேச்சிலர் என்று தள்ளிவிட்டார்கள். அடுத்தது ஏஞ்சல் மீன். இருக்கிற சிச்லிட்டில் இது கொஞ்சம் சாது சார், இதையே எடுங்க என்று தணிகாசலம் கெஞ்சினார். அதன் துடுப்புகள் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்குவதை லில்லி புஷ்பம் கவனித்தார். வெளியே தெரியும்படி துணி தொங்கவிடக் கூடாது என்பது அடுக்ககத்தின் பன்னிரண்டாவது விதி. அதுவும் போயிற்று.

கடைசியாக நீலமும் மஞ்சளுமாகச் சில மீன்கள். ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியைச் சேர்ந்தவை.

“இதுங்க பாறையில இருக்கிற பாசியைத்தான் தின்னும். ஆனா சார்…”

“சைவம்” என்றார் தலைவர், கண் கலங்க.

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருந்ததை யாரும் கேட்கவில்லை. இருந்தும் தணிகாசலம் சொன்னார்: இருப்பதிலேயே முரட்டு ஜாதி இதுதான், ஒரு ஆணுக்கு நாலு பெண்ணாவது விட்டால்தான் சண்டை குறையும். மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கௌரவமான அடுக்ககத்தில் இந்தப் பேச்சே கூடாது என்று கண்டித்துவிட்டு, ஆறு ஆண், ஆறு பெண், ஆறு ஜோடியாக வாங்கி வந்தார்கள்.

ஆறு மண்பானைகளைத் தொட்டிக்குள் வைத்து, கதவு எண் எழுதி, குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். எந்த ஜோடிக்கு எந்தப் பானை என்ற பட்டியலை மீன்கள் படிப்பதற்கு வசதியாக உள்பக்கம் பார்த்து ஒட்டினார்கள். வெளியூர் மீன் என்பதால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி.

மறுநாள் காலையில் ஒரு நீல ஆண் ஆறு பானைகளையும் பிடித்துக்கொண்டு, மற்றதுகளின் வாலைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. பாஷ்யம் கண்ணாடி முன் நின்று விதிப் புத்தகத்தை உரக்க வாசித்தார். அது அவரையும் கடிக்க வந்தது. வாரக் கடைசியில் தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டு, உயிர் பிழைத்துக் கிடந்த பதினொன்றை அள்ளிப் போனார். தொட்டி காலியாகக் கூடாது என்று தலைவர் கெஞ்சியதில் மிஞ்சியது ஒரே ஒரு மஞ்சள் பெண் மீன். அது ஏனோ வாயைத் திறக்கவே இல்லை, தீனியும் தொடவில்லை. புருஷனைப் பிரிந்த துக்கத்தில் விரதம் இருக்கிறாள் என்றார் லில்லி புஷ்பம். கமிட்டிக்கே அவள்மேல் மரியாதை வந்தது. சபாநாயகம் தினமும் நாலு தடவை வந்து அவள் நீந்துகிறாளா என்று பார்த்துப் போனார். அவருடைய வேப்பமரம் அந்த ஒரு மீனின் முதுகில்தான் நின்றது.

ஆண்டுக் கூட்டத்தன்று காலை, தொட்டி முன் மூவரும் நின்றிருந்தபோது அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அரிசி மணி அளவில் இருபது முப்பது குஞ்சுகள் வெளியே வந்தன. அந்த நேரம் பார்த்துக் காவலாளி நாற்காலிகளைத் தடதடவென்று இறக்கினார். பயந்துபோன குஞ்சுகள் ஓடி அம்மா வாய்க்குள்ளேயே புகுந்துகொண்டன. வாய் மூடிக்கொண்டது. அந்த வகை மீன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதே அப்படித்தான் என்று தணிகாசலம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

“பெத்ததைத் தின்னுட்டா” என்றார் லில்லி புஷ்பம்.

“அப்ப அசைவம்” என்றார் பாஷ்யம்.

சபாநாயகம் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். காலி பண்ணச் சொல்லுங்க” என்றார்.

அவளை ஒரு டப்பாவில் போட்டு ஆட்டோவில் கொளத்தூருக்கு அனுப்பினார்கள். முப்பது குஞ்சோடு வந்த மீனைத் தணிகாசலம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கூட்டம் தொடங்கியது. மீன் எங்கே என்றார் கமலக்கண்ணன். சபாநாயகம் தலை குனிந்து எழுந்தபோது, நாலாம் எண் பானைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அம்மா வாய்க்குள் போகத் தவறிய ஒரு குஞ்சு. கமலக்கண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, மீன்தான் என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வாக்கு பலித்தது, மரத்தடி தப்பியது. சபாநாயகம் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் பாஷ்யம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இதுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?”

விசாரித்ததில் ஆகவில்லை என்று தெரிந்தது. பேச்சிலர். சபாநாயகமே டீ வடிகட்டியால் அதை எடுத்து ஒரு வாளியில் விட்டுவிட்டு, காலியான தொட்டியின் முன் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கமலக்கண்ணன் தலைவரானார். வெற்றிப் பெருமிதத்தோடு கார் சாவியை எடுத்தவர், குஞ்சுக்கு ஒரு வரன் அமையும்வரை அந்த வாளியை எங்கே வைப்பது என்ற பிரச்சினையை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் வைத்தால் தண்ணீர் கொதித்துவிடும், நிழலில்தான் வைக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. நிழல் என்று இருப்பது ஒரே இடம்தான்.

இப்போது பழைய தலைவர் காரும் புதிய தலைவர் காரும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வேப்பமரத்தடியில், பலகைக்கு நேர் கீழே, வாளி இருக்கிறது. பாஷ்யம் பெண் தேடி ஒரு விளம்பரம் எழுதி வைத்திருக்கிறார்: மாப்பிள்ளை சைவம், கெட்ட பழக்கம் கிடையாது, சென்னையில் நிழலில் சொந்தமாகக் கார் பார்க்கிங் உண்டு.