படமில்லாத நாற்காலி

"எதை வச்சுச் சிரிக்கலாம், எதை வச்சுச் சிரிக்கக் கூடாது? அந்தக் கோடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, மாஸ்டர்" என்றார் நந்தகோபால்.

கேட்டவருக்கு வயசு நாற்பத்தொன்று. வாரம் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸ். சனி, ஞாயிறு வந்துவிட்டால் மைக்கைப் பிடித்து, தனியாளாக நின்று, ஊரைச் சிரிக்க வைக்கிற ஸ்டாண்ட்-அப் காமெடி.

குருவுக்கு வயசு இருபத்தொன்பது. பெயர் மரியபுஷ்பம். காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. மேடையேறினால் சாவையும் சர்க்காரையும் ஒரே மூச்சில் கிண்டலடிப்பாள். வீட்டுக்குப் போன பிறகுதான் கேட்டவனுக்கு உறைக்கும்.

புஷ்பம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாரை அழ வச்சீங்க, சார்?"

நந்தகோபாலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அழலை. டிரேயை வச்சுட்டுப் போயிட்டாங்க."

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு காபிக் கடை மாடியில் இவருடைய ஷோ. கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். அங்கே கப் எடுக்கிற எல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த டிரேயை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் புருஷன் சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். பாவம், நந்தகோபால் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"இனிமே மேடையே வேண்டாம்னு இருக்கு. அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"ஜோக்கைச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நம்ம நாடு நிலாவுக்கு மிஷின் அனுப்புது. சாக்கடைக்கு மட்டும் முனுசாமியை அனுப்புது. ஏன்னா, மிஷின் திரும்பி வரலைன்னா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க."

"நல்லாத்தானே இருக்கு. அப்புறம்?"

"அப்புறம் முனுசாமி மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்குற மாதிரி நடிச்சுக் காட்டுவேன். கடைசியில முங்குற மாதிரி ஒரு சத்தம். களுக்னு."

"எதுக்கு ஜாஸ்தி சிரிச்சாங்க?"

"அந்தச் சத்தத்துக்கு."

புஷ்பம் டீயைக் குடித்து முடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு எங்க சங்கக் கூடத்துக்கு வாங்க."

"நான் கேட்டதுக்கு பதில்?"

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

*

அது துப்புரவுத் தொழிலாளர் சங்கம். குழியில் இறங்கிச் செத்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கும்.

நந்தகோபால் போய்ச் சேர்வதற்குள் பதினொன்றேகால் ஆகிவிட்டது. கூடம் நிறைந்து வழிந்தது. மேடையில் புஷ்பம் பேச ஆரம்பித்திருந்தாள். முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி.

பரவாயில்லையே, நமக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்களே என்று குனிந்தபடியே போய் உட்கார்ந்தார். கால்மேல் கால் வேறு போட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்து "அய்யய்யோ" என்று ஒரு குரல்.

வலப்பக்கம் திரும்பினார். நாற்காலியில் மாலை போட்ட ஒரு படம். இடப்பக்கம் திரும்பினார். அங்கேயும் படம். அந்த வரிசை முழுக்கப் படங்கள்தான். குடும்பத்தார் எல்லோரும் இரண்டாம் வரிசையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வரிசையில் மூச்சு விடுகிற ஒரே ஆள் இவர்தான்.

துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றாள் புஷ்பம் மைக்கில். "அது எங்கப்பா நாற்காலி. அவரு ஒரு போட்டோகூட எடுத்துக்காம போயிட்டாரு. வருஷா வருஷம் காலியாத்தான் கிடக்கும்."

"மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாம..."

"அட, உக்காருப்பா!" என்று அவள் ஒரு அதட்டல் போட்டாள். "பதிமூணு வருஷம் கழிச்சு வந்திருக்க. நின்னுக்கிட்டேவா இருப்ப?"

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. நந்தகோபால் உட்கார்ந்தார். காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"என்னப்பா, சட்டை வெள்ளையா இருக்கு? அங்க யாரும் உன்னை உள்ள இறக்கி விடறதில்லையா?"

சிரிப்பு.

"நீ போன அன்னிக்கு ஒரு ஆபீசர் வந்தாருப்பா. பாதுகாப்புக் கவசம் போட்டிருந்தாரான்னு கேட்டாரு. போட்டிருந்தாரு சார்னு அம்மா சொல்லிச்சு. எங்க காட்டுன்னாரு. அம்மா உன் இடுப்புத் தாயத்தைக் காட்டிச்சு."

யாரோ ஒரு கிழவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"விபத்துன்னு எழுதிக்கிட்டாரு. அடுத்த வருஷம் அதே குழியில மூணு பேரு. அதுவும் விபத்து. அதுக்கடுத்த வருஷமும் விபத்து. தவறாம வருஷா வருஷம் நடந்தா அதுக்குப் பேரு விபத்தாப்பா? திருவிழா! கொடி ஏத்தறது ஒண்ணுதான் பாக்கி."

கூடமே அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல அந்த ஆண்டவனாலும் முடியாது.

நந்தகோபால் எத்தனையோ மேடை பார்த்தவர்தான். ஆனால் செத்தவர்களின் முகத்துக்கு நேரே நின்று, அவர்கள் வீட்டாரை இப்படிச் சிரிக்க வைக்கிற ஒரு ஜீவனை அவர் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்போதுதான் பின்னால் பழகிய முகம் ஒன்று தெரிந்தது. எல்லம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

புஷ்பம் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். மைக்கை நீட்டினாள்.

"இப்ப நீங்க, சார். அந்த ஜோக்கு."

"இங்கயா? வேண்டாம் மாஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முழுசாச் சொல்லணும்."

மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு, அப்பாவின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நந்தகோபால் மேடை ஏறினார். எதிரே ஒரு வரிசை படங்கள். படங்களுக்குப் பின்னால் கண்கள்.

"நம்ம நாடு நிலாவுக்கு மிஷின் அனுப்புது" என்று ஆரம்பித்தார். "சாக்கடைக்கு மட்டும் முனுசாமியை அனுப்புது. ஏன்னா, மிஷின் திரும்பி வரலைன்னா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க."

சிரித்தார்கள். நிஜமாகவே சிரித்தார்கள். ஒரு விசில்கூட வந்தது.

"முனுசாமி உள்ள இறங்கினான்."

பழக்கதோஷத்தில் கை மூக்குக்குப் போனது. அந்தச் சத்தத்துக்காக வாய் குவிந்தது.

எல்லம்மாவுக்கு முன்னாலிருந்த நாற்காலியில் மீசை வைத்த ஒருவர் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருஷன்தான்; படத்தின் கீழே கொண்டய்யா என்று எழுதியிருந்தது.

சத்தம் வரவில்லை. மூக்கைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது.

"அப்புறம் என்னா ஆச்சு, சார்?"

கேட்டது எல்லம்மா.

"முனுசாமி இறங்கினது எங்க வீட்டுக் குழிம்மா" என்றார். "நான் மேல நின்னுக்கிட்டிருந்தேன்."

"நின்னு?"

"மூக்கைப் பொத்திக்கிட்டிருந்தேன்."

எல்லம்மாதான் முதலில் சிரித்தாள்.