அழைப்பிதழில் ஓர் அடிக்குறிப்பு

"சிஸ்டர், இதுல ஒரு பிழை காட்டுங்க. ஒரே ஒரு பிழை" என்றார் சவரிராயன்.

லத்தீன் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கன்னியர் மடத்தில் சிஸ்டர் பெர்பெத்துவா நடத்தும் வகுப்பு. ஆசிரியைக்கு நாற்பது வயது, மாணவருக்கு அறுபத்தொன்று. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிறர் எழுத்தில் பிழை பார்க்கும் வேலையிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். சவரிராயனுடைய மகளின் கல்யாணப் பத்திரிகை. இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

மணமகள் ஜெனோவா, எம்.எஸ்., கும் லௌதே. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"நட்சத்திரம் எதுக்கு சார்?"

"கீழே பாருங்க."

கீழே, விருந்து மண்டபத்தின் விலாசத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது: 'பாராட்டுடன்' என்று பொருள். இவ்வகைச் சிறப்புகள் மூன்று. இது மூன்றாவது.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கல்யாணப் பத்திரிகையில அடிக்குறிப்பை இப்பதான் பாக்கிறேன்."

"வேற வழியில்ல சிஸ்டர். எங்க சம்பந்தி சொல்லுதார், 'அது என்ன வெறும் கும் லௌதே? எங்க ஊர்ல ஒரு பையனுக்கு சும்மா கும் லௌதேன்னு போட்டிருந்தாங்க. நீங்களும் முன்னால ஒரு சும்மாவைப் போடுங்க, சும்மா கெடக்கட்டும்'னு. லத்தீன்ல சும்மான்னா உச்சம். அவ வாங்காத உச்சத்தை நான் எப்படிப் போட? அதான் விவரமா எழுதிட்டேன்."

"ஜெனோவா என்ன சொன்னா?"

சவரிராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணும் சொல்லல. படிச்சா. பையை எடுத்துக்கிட்டுத் தூத்துக்குடிக்கு அவ அத்தை வீட்டுக்குப் போயிட்டா. போன் எடுக்க மாட்டேங்கா. கோயில்ல பீடம்வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாமா போதும், அப்பா வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லி அனுப்பியிருக்கா."

தோட்டத்தில் யாரோ செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் மறுபடி ஒருமுறை படித்தார்.

"எழுதினது எல்லாம் உண்மைதானே சிஸ்டர்?"

"எல்லாம் உண்மை."

"லத்தீனைச் சாய்வெழுத்துல போட்டிருக்கேன்."

"பாத்தேன். ரொம்பச் சரி."

விடுதலை என்று தீர்ப்பான பிறகும் கதவு திறக்காத கைதியைப் போல சவரிராயன் உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்தச் சிறப்பை அவளுக்கு எதுக்குக் கொடுத்தாங்க?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் சிஸ்டர். சில இடத்துல மொத்த மதிப்பெண்ணைப் பாப்பாங்க. சில இடத்துல வகுப்புல மேல இருக்கிற இத்தனை பேருக்குன்னு..."

"அது இல்ல. அவ என்ன செஞ்சா?"

"ஆராய்ச்சி செஞ்சா."

"எதைப் பத்தி?"

"கடல்... நண்டு. நண்டுன்னுதான் நினைக்கேன்."

"நண்டுல என்ன?"

சவரிராயன் வாயைத் திறந்தார். உள்ளே நிறைய லத்தீன் இருந்தது. நண்டு இல்லை.

சிஸ்டர் பென்சிலை எடுத்தார். அடிக்குறிப்பில் 'பாராட்டுடன்' என்ற சொல்லின் தலையில் இன்னொரு நட்சத்திரம் போட்டார். தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்த நட்சத்திரத்துக்குக் கீழே என்ன வரும்னு கேட்டுட்டு வாங்க."

ஜெப மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து போய்விட்டார்.

சவரிராயன் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'உன் நண்டு என்ன செய்யும்?'

உள்ளே ஜெபம் முடியும் நேரத்தில் போன் அடித்தது.

"என்னப்பா, இதையும் பத்திரிகையில போடப் போறீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியல. அதான் கேக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அத்தையின் குரல் ஏதோ கேட்டது. "அப்பாதான்" என்றாள் ஜெனோவா, போனுக்கு வெளியே.

பிறகு சொன்னாள். "இந்த வகையில ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும்ப்பா. சண்டையில அது போயிட்டா மறுபடி முளைக்கும். பாக்க அதே பெருசுதான். ஆனா உள்ள சதை கம்மி, பலம் கிடையாது. எதிர்ல நிக்கிற நண்டுக்கு அது தெரியாது. பயந்து ஓடிரும்."

"நம்ம சம்பந்தியும் ஓடுவாரா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

"எது பழைய கொடுக்கு, எது புதுசுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"பிடிச்சுப் பாக்கணும். ஒவ்வொண்ணா. முழங்கால் அளவு சேத்துல நின்னு."

"நீயா? சேத்துலயா?"

"பின்ன நண்டு என்ன லைப்ரரிக்கா வரும்? நீங்க வாங்கிக் கொடுத்த ஷூ ரெண்டும் அங்கதான் பொதைஞ்சு கெடக்கு. ஒரு தடவை கடல் ஏறி வந்தது தெரியாம எண்ணிக்கிட்டே நின்னுட்டேன். தோணிக்காரர்தான் வந்து திட்டி ஏத்திட்டுப் போனார்."

சவரிராயனின் கை பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"இதை ஏன் சொல்லல?"

"கேட்டாத்தானே."

அவள் பேச்சு வேகம் பிடித்தது. பேச்சோடு பேச்சாக அந்த நண்டின் லத்தீன் பெயரைச் சொன்னாள். அசல் இங்கிலீஷ்காரி மாதிரி. ஒரே பெயரில் இரண்டு உச்சரிப்புத் தவறுகள்.

சவரிராயன் வாயைத் திறந்தார்.

மூடினார்.

"அப்புறம்?" என்றார்.